ட்ரமேயில் ஞாயிற்றுக்கிழமை: நியூ ஆர்லியன்ஸ் தெரு ஜாஸ் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 சாலையில் கிழக்கே 560 கிலோமீட்டர் ஓட்டினால் நியூ ஆர்லியன்ஸ். வழியில் காபிக்கு நிறுத்தி, பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு முறை நிறுத்தினால் ஆறு மணி நேரம் ஆகும். ஜாஸ் கேட்க நான் அடிக்கடி அங்கே போய்வருவது தெரிந்து நண்பர்கள் போன் செய்வார்கள், பிறகு நண்பர்களின் நண்பர்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

ட்ரமே என்பது எங்கே இருக்கிறது? ஜாஸ் என்றால் பிரெஞ்சு குவார்ட்டர்தானே?

நகரத்தின் பழைய சுற்றுலாப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் வடக்கு எல்லை ராம்பார்ட் தெரு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் ட்ரமே. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் அந்தத் தெருவைத் தாண்டுவதே இல்லை. நடந்தே சுற்றிவிடக்கூடிய சிறிய பேட்டை. முன்வாசல் படி நேராகத் தெருவில் இறங்குகிற, வரிசையான மரவீடுகள். இந்த நிலம் க்ளோட் ட்ரமே என்ற, தொப்பி செய்யும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. 1810 இல் நகரசபை அதை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்றது. அடிமை முறை நடப்பில் இருந்த காலத்திலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இங்கே மனை வாங்கி, வீடு கட்டி, தொழில் நடத்தினார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று என்று இதைச் சொல்வது அதனால்தான்.

பேட்டையின் ஓரத்தில் காங்கோ சதுக்கம் இருக்கிறது. இன்று லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் அடக்கம். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடலாம், ஆனால் மேயர் காட்டும் இடத்தில் மட்டும்தான் கூடவேண்டும் என்று 1817 இல் நகரம் சட்டம் போட்டது. அப்படிக் காட்டப்பட்ட இடம் இது. இங்கே சந்தை கூடியது, ஆப்பிரிக்க முரசுகள் அடித்தார்கள், வட்டம் கட்டி ஆடினார்கள். வட அமெரிக்காவின் மற்ற பல இடங்களில் அடிமைகள் முரசைத் தொடுவதற்கே தடை இருந்த காலம் அது. ஜாஸ் இந்தச் சதுக்கத்தில்தான் பிறந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒரு இசை ஒரே இடத்தில் பிறக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தத் தாளம் இந்த ஊரில் அறுந்துபோகாமல் இருந்ததற்கு இந்தச் சதுக்கம் ஒரு காரணம்.

கச்சேரி எத்தனை மணிக்கு? டிக்கெட் எங்கே வாங்குவது?

டிக்கெட்டே கிடையாது. இந்தக் கேள்விக்கு இதுதான் முழுப் பதில், ஆனால் யாரும் இதோடு விடுவதில்லை. மேடை எங்கே, நாற்காலி இருக்குமா என்று அடுத்தடுத்து வரும்.

ட்ரமேயில் ஜாஸ் என்பது யாரோ ஒருவரின் சாவு, ஏதோ ஒரு கிளப்பின் ஆண்டு விழா, ஒரு பிறந்தநாள். அந்தக் காரியத்துக்காக வாத்தியக்காரர்கள் வருகிறார்கள், அந்தத் தெருவில் வாசிக்கிறார்கள். உங்களுக்காக வாசிக்கவில்லை. நீங்கள் கூட நடக்கலாம், தடையில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

'செகண்ட் லைன்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதிய ஊர்வலம். முன்னால் போகிற கிளப் உறுப்பினர்களும் பேண்ட் குழுவும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்துகொண்டு ஆடியபடி வருகிற ஊர்ஜனம் இரண்டாவது வரிசை, அதாவது செகண்ட் லைன். பெயர் பார்வையாளர்களுக்கு உரியது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வருகிற கூட்டம் இல்லாவிட்டால் அது ஊர்வலமே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் வரை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் உண்டு. நடுக்கோடையில் வெயில் தாங்காது, அப்போது விடுமுறை. ஒவ்வொரு கிளப்புக்கும் ஆண்டில் ஒரு ஞாயிறு சொந்தம். நான்கு மணி நேரம் நடப்பார்கள். வழியில் குறித்துவைத்த மதுக்கடைகளிலும் சில வீட்டு வாசல்களிலும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புவார்கள். அன்றைக்கு அந்த உறுப்பினர்களின் உடையைப் பார்க்கவேண்டும்: ஆரஞ்சு நிற கோட்டு, அதே ஆரஞ்சில் தொப்பி, அதே ஆரஞ்சில் தோல் செருப்பு, கையில் இறகு வைத்த பெரிய விசிறி. அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் பணம் சேர்க்கிறவர்கள் ஓட்டல் பணியாளர்கள், பஸ் ஓட்டுநர்கள், பள்ளி ஊழியர்கள்.

யார் இந்தக் கிளப்காரர்கள்? பணம் எங்கிருந்து வருகிறது?

முழுப் பெயர் 'சோஷியல் எய்ட் அண்ட் பிளஷர் கிளப்'. உதவியும் உல்லாசமும் ஒரே பெயரில். உதவிதான் முதலில் வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபிறகும் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு கொடுக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் தயாராக இல்லை. எனவே ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டுச் சங்கம் வைத்தார்கள். உறுப்பினருக்கு நோய் வந்தால் டாக்டர் செலவும் மருந்தும் சங்கத்தின் பொறுப்பு. இறந்தால் அடக்கச் செலவும், கூடவே ஒரு பேண்ட் குழுவும். வாத்தியக்காரர் இல்லாமல் தம் ஆளை மண்ணுக்கு அனுப்புவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 1884 இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் செப்டம்பரில் தெருவில் இறங்குகிறது.

பணத்தைப் பொறுத்தவரை உறுப்பினர் சந்தா, நன்கொடை, விருந்து வைத்துத் திரட்டும் காசு. இதில் பெரிய பங்கு போலீஸ் பாதுகாப்புக் கட்டணத்துக்கே போய்விடும். 2006 இல் ஒரு ஊர்வலத்துக்குப் பின் துப்பாக்கிச் சூடு நடந்ததைக் காரணம் காட்டி நகரம் அந்தக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கிளப்புகள் ஒன்றுசேர்ந்து நீதிமன்றம் போய், 2007 இல் அதைக் குறைக்கவைத்தன.

சாவு ஊர்வலத்தில் ஆடுவார்களாமே? மரியாதைக் குறைவில்லையா?

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால் பொறுமையாக விளக்குவேன். மதுரைக்காரர் கேட்டால் சிரிப்பு வரும். பேரன் பேத்தி எடுத்த கிழவர் போனால் 'கல்யாணச் சாவு' என்று பறையும் பேண்டுமாக எடுக்கிறவர்கள் நாம்.

ஆனால் நியூ ஆர்லியன்ஸில் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தேவாலயத்திலிருந்து உடல் கிளம்பும்போது மிக மெதுவான துதிப்பாடல். முன்னே ஒருவர், கிராண்ட் மார்ஷல், தொப்பியை மார்பில் பிடித்து, மார்பில் பட்டை அணிந்து, ஒரு காலை இழுத்து வைத்து, நிறுத்தி, மறுகாலை இழுத்து வைத்து நடப்பார். பேண்டில் ஸ்னேர் டிரம் வாசிப்பவர் அடித்தோலின் கம்பிகளுக்குக் கீழே ஒரு கைக்குட்டையைச் செருகிவைத்திருப்பார். 'சர்ர்' என்ற அந்த ஓசை அடங்கி, பானையைத் தட்டுவதுபோல் மந்தமாக ஒலிக்கும். கல்லறைக்கு அருகில், அல்லது வண்டி பிரிந்து போகிற முனையில், உடலுக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். 'உடலை அவிழ்த்துவிடுதல்' என்று அதற்குப் பெயர். பிறகு சிறிது தூரம் அமைதியாக நடந்து வந்ததும் டிரம்காரர் அந்தக் கைக்குட்டையை உருவுவார். ஒரு உருட்டல். அவ்வளவுதான், குடைகள் விரியும், டிரம்பெட் வெடிக்கும், அழுதுகொண்டிருந்த அதே ஆட்கள் ஆடுவார்கள்.

நான் முதலில் பார்த்தபோது ஆட்டம்தான் நினைவில் நின்றது. இப்போது அந்தக் கைக்குட்டைக்காகக் காத்திருக்கிறேன்.

2020 இல் கொரோனாவால் இதுவும் நின்றது. ஏப்ரல் 1 அன்று பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் அந்த நோயால் இறந்தார். வின்டன், பிரான்ஃபோர்டு உட்பட அவருடைய ஆறு மகன்களில் நால்வர் ஜாஸ்காரர்கள், ஊரில் பாதி வாத்தியக்காரர்களுக்கு அவர் ஆசிரியர். அவருக்கு ஊர்வலம் எடுக்க முடியவில்லை. கூட்டம் கூடத் தடை. இந்த ஊரின் கணக்கில் அது எவ்வளவு பெரிய கடன் என்று அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

எனக்கு ஜாஸ் ஒன்றும் தெரியாது. என்ன கேட்கவேண்டும்?

பேஸ் டிரம்மிலிருந்து தொடங்குங்கள். தோளில் தொங்கும் அந்தப் பெரிய மேளத்தின் தலையில் ஒரு தாளத்தட்டு பொருத்தியிருக்கும். அதை அடிக்கும் குச்சி பல நேரம் கோட்டு மாட்டும் கம்பியை வளைத்துச் செய்தது. ராணுவப் பேண்ட் என்றால் இடம்-வலம், இடம்-வலம் என்று எடுப்பாக நேராகப் போகும். இங்கே எட்டு எண்ணிக்கை எண்ணிப் பாருங்கள்: எட்டாவது அடியில் திடீரென்று ஒரு கனத்த அழுத்தம் விழும். 'பிக் ஃபோர்' என்பார்கள் (நான்கு நான்காக எண்ணுவதால் அவர்களுக்கு அது நாலு). அணிவகுப்பு நடையில் ஒரு நொண்டல் வந்து, அந்த நொண்டலே ஆட்டமாகிவிடுகிறது. இதைத் தொடங்கிவைத்தது 'படி' போல்டன் என்ற ஆரம்பகால ஜாஸ் கலைஞரின் காலத்துப் பேண்ட் என்பது வாத்தியக்காரர்களின் மரபுக் கூற்று. போல்டன் 1931 இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் வாசித்த கார்னெட்டின் (டிரம்பெட் மாதிரியான ஊதுகருவி) ஒலியைக் கேட்க இன்று ஒரு இசைத்தட்டுகூட இல்லை. அதனால் இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அடுத்து ஸ்னேர். அதில் அடிக்கடி ஓடுவது மூன்று, மூன்று, இரண்டு. நம் கணக்கில் தகிட தகிட தக. வாய்க்குள் இதைச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள், அரை மணியில் கால் தானே பிடித்துக்கொள்ளும். கை தட்டுவதாக இருந்தால் இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பக்கத்துப் பாட்டி உங்களைத் திரும்பிப் பார்ப்பார். என்னைப் பார்த்தார்.

மேலே நடப்பது ஒரு கூட்டு உரையாடல். டிரம்பெட் பாட்டை நேராகச் சொல்லும், கிளாரினெட் அதன் மேலே கொடி மாதிரி சுற்றும், டிராம்போன் கீழே இழுத்து நிரப்பும். பழைய நாட்களில் வண்டியில் ஏறி வாசித்தபோது டிராம்போன்காரரை வண்டியின் கடைசிப் பலகையில் உட்காரவைப்பார்கள், குழாயை நீட்டினால் மற்றவர் முதுகில் இடிக்கும் என்பதால். அந்தப் பாணிக்கு இன்றும் 'டெயில்கேட்' என்றே பெயர். இவை எல்லாவற்றுக்கும் அடியில், உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் திறந்து நிற்கும் சூசஃபோன். அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மணி நேரம் வெயிலில் நடக்கிறவர்களைப் பார்த்தபிறகு என் முதுகுவலியைப் பற்றி நான் வீட்டில் பேசுவதில்லை.

இது பழங்காலச் சமாச்சாரம்தானே? இளைஞர்கள் வாசிக்கிறார்களா?

ஒரு கட்டத்தில் அழிந்துவிடும் என்றுதான் பயந்தார்கள். 1970 வாக்கில் தெருவில் வாசித்தவர்கள் பலரும் கிழவர்கள். அப்போது டேனி பார்க்கர் என்ற பாஞ்சோ, கிதார் கலைஞர், நியூயார்க்கில் பல ஆண்டு இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியிருந்தார். ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் தெருப் பையன்களைச் சேர்த்து ஒரு பேண்ட் அமைத்தார். டிரம்பெட் லிராய் ஜோன்ஸ், டிரம்ஸ் ஹெர்லின் ரைலி, மார்சாலிஸ் சகோதரர்கள் என்று அதன் வழியாக வந்தவர்கள் பட்டியல் நீளமானது.

பின்னர் 1977 இல் டர்ட்டி டஸன் பிராஸ் பேண்ட் வந்தது, பீபாப் என்ற வேகமான ஜாஸையும் ஃபங்க் என்ற நடன இசையையும் தெரு வாத்தியத்தில் ஏற்றி வேகத்தைக் கூட்டியது. 1983 இல் ட்ரமேயின் கிளார்க் உயர்நிலைப் பள்ளிப் பையன்கள், ஃபிரேசியர் சகோதரர்களும் கெர்மிட் ரஃபின்ஸும், ரீபர்த் பிராஸ் பேண்டைத் தொடங்கினார்கள். 2012 இல் அவர்களுக்குக் கிராமி கிடைத்தது. அதே தெருக்களில் 1986 இல் பிறந்த ட்ராய் ஆண்ட்ரூஸ் தன் உயரத்தைவிட நீளமான டிராம்போனைச் சிறு பிள்ளையாக இருந்தபோதே தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதால் 'டிராம்போன் ஷார்ட்டி' ஆனார். இன்று உலகம் சுற்றுகிறார்.

கற்றுக்கொடுக்கும் முறை எளிது. ஒரு மாமா, ஒரு அண்ணன், கூட நடக்கும் கூட்டம். ரீபர்த்தின் டிரம் கலைஞர் டெரிக் டாப் தொடங்கிய 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' என்ற அமைப்பு, பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியமும், பாடமும், சாப்பாடும் தருகிறது. நீங்கள் ஏதாவது கொடுக்க நினைத்தால் அங்கே கொடுங்கள்.

புயலுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

2005 ஆகஸ்ட் 29 இல் கத்ரீனா. அணைக்கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வாத்தியக்காரர்கள் ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் சிதறினார்கள். சிலர் வாடகை கட்டவும் முடியாமல் திரும்பவே இல்லை. பாடகர் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்டு மார்சாலிஸும், வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்பான ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டியோடு சேர்ந்து நைன்த் வார்டில் 'இசைக்கலைஞர் கிராமம்' எழுப்பினார்கள். 72 வீடுகள், நடுவில் 2011 இல் திறந்த எல்லிஸ் மார்சாலிஸ் இசை மையம்.

ஆனால் ட்ரமேயின் காயம் புயலுக்கும் முந்தியது. கிளெய்போர்ன் சாலையின் நடுவே ஓக் மரங்கள் வரிசையாக நிழல் தந்த அகலமான புல்வெளி இருந்தது. மார்டி கிரா திருவிழாவும் குடும்ப விருந்தும் அங்கேதான். 1966 இல் மரங்களை வெட்டி, அதன்மேல் நெடுஞ்சாலைப் பாலம் போட்டார்கள். நாம் ஹூஸ்டனிலிருந்து ஓட்டிவருகிறோமே, அதே ஐ-10 தான். இன்றும் ஊர்வலம் அந்தப் பாலத்தடிக்கு வந்தால் நின்றுவிடும். கான்கிரீட்டில் மோதி ஒலி நான்கு மடங்காகத் திரும்பும், பேண்ட்காரர்கள் வேண்டுமென்றே அங்கே நின்று ஊதுவார்கள். அவர்களுக்கு அது பழிவாங்கலா, பழக்கமா என்று நான் கேட்டதில்லை.

புயலுக்குப் பின் வீட்டு விலை ஏறி, புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்பது இன்னொரு கதை. 2007 அக்டோபரில், இறந்துபோன சூசஃபோன் கலைஞர் கெர்வின் ஜேம்ஸுக்காகத் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் போலீஸ் பல கார்களில் வந்து அனுமதிச் சீட்டு கேட்டு, இருவரைக் கைது செய்தது. மறுநாள் அனுமதி வாங்கி அதே தெருவில் மறுபடி வாசித்தார்கள். ஜாஸ் கேட்கவென்று இங்கே வீடு வாங்கிவிட்டு, ஜாஸ் கேட்கிறது என்று புகார் கொடுப்பதை என்னவென்று சொல்வது!

ஞாயிறு வர முடியாது. உள்ளே உட்கார்ந்து கேட்க இடம் உண்டா?

உண்டு. பிரெஞ்சு குவார்ட்டரில் செயின்ட் பீட்டர் தெரு 726 இல் பிரிசர்வேஷன் ஹால். 1961 இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி தம்பதி நடத்தத் தொடங்கினார்கள். அப்போது இனப்பிரிவினைச் சட்டம் நடப்பில் இருந்தது. கறுப்பர் வாசிக்க, இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். மைக் கிடையாது, மது கிடையாது. பெயின்ட் உரிந்த சுவர், பெஞ்ச், தரையில் மெத்தை. ஒரு செட் முக்கால் மணி நேரம். விருப்பப் பாட்டுக்கு விலை எழுதிய பலகை ஒன்று அங்கே பிரசித்தம். எல்லோரும் சலிக்கச் சலிக்கக் கேட்கிற 'செயிண்ட்ஸ்' ('வென் தி செயிண்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்') பாட்டுக்குத்தான் அதிக விலை. இதற்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ட்ரமேக்குள்ளேயே கேண்டில்லைட் லவுஞ்ச் என்ற குட்டி மதுக்கடையில் ட்ரமே பிராஸ் பேண்ட் பல ஆண்டுகள் புதன் இரவுகளில் வாசித்தது. போகும் முன் இப்போதைய நாளை விசாரியுங்கள். அந்தக் குழுவின் பேஸ் டிரம் 'அங்கிள்' லயனல் பட்டிஸ்ட் 2012 இல் இறந்தபோது, அவரைப் பெட்டியில் படுக்கவைக்கவில்லை. கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கவைத்தார்கள், தெருமுனையில் அவர் எப்போதும் நிற்பதுபோல.

ஃப்ரெஞ்ச்மென் தெரு, சரி. போர்பன் தெரு, வேண்டாம். அன்றன்றைக்கு எங்கே யார் வாசிக்கிறார்கள், ஞாயிறு ஊர்வலம் எந்த வழியில் போகிறது என்பதை உள்ளூர் வானொலி டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். சொல்லிவிடும்.

வாத்தியக்காரர்களுக்கு இதில் வருமானம் வருகிறதா? நான் எவ்வளவு கொடுப்பது?

உலகப் புகழ் பெற்ற ஊர் என்பதால் எல்லோரும் வசதியாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கதவுக் கட்டணம் இல்லாத கடைகளில் வாளியில் விழும் காசுதான் அன்றைய கூலி. அதையும் ஆறேழு பேர் பிரித்துக்கொள்ளவேண்டும். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் நிறைய. 1998 இல் இசைக்கலைஞர்களுக்கென்றே தனியாக ஒரு கிளினிக் தொடங்கவேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை புரியும். ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டுக்கு ஆளுக்கு பத்து டாலர் போடுவது என் வழக்கம். இரண்டு செட் கேட்டுவிட்டு ஒரு டாலர் போடுகிறவரோடு நான் மறுமுறை போவதில்லை.

ஊர்வலத்தில் எப்படி நடந்துகொள்வது?

பேண்டையும் கிளப் ஆட்களையும் சுற்றிக் கயிறு பிடித்திருப்பார்கள். அதற்குள் நுழையக்கூடாது. நான் முதல்முறை படம் எடுக்கும் ஆசையில் பின்னாலேயே நடந்து உள்ளே போய்விட்டேன். கயிறு பிடித்திருந்தவர் என் தோளைப் பிடித்து, "அங்கே நில்லு கண்ணு" என்ற தொனியில் ஏதோ சொல்லி, பக்கவாட்டில் நகர்த்திவைத்தார். கோபமே இல்லை, அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது.

படம் எடுக்கலாம். சாவு ஊர்வலத்தில் குடும்பத்தார் முகத்துக்கு எதிரே போனை நீட்டாதீர்கள். தண்ணீர், தொப்பி, நடக்கத் தோதான ஷூ. கழிப்பறை ஒரு பெரிய பிரச்சினை, மதுக்கடை நிறுத்தத்தில் ஏதாவது வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

பாதுகாப்பா? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு உள்ளூர்த் தாய்மார்கள் வருவார்கள். ஆனால் ஒளிக்கவும் விரும்பவில்லை: 2013 அன்னையர் தினத்தன்று, பக்கத்து செவன்த் வார்டில் ஊர்வலத்தின்மேல் சுட்டதில் 19 பேர் காயம்பட்டார்கள். சில வாரம் கழித்து அதே கிளப் மறுபடி ஊர்வலம் போனது. நான் என் பிள்ளைகளோடு பகலில் போகிறேன், ஊர்வலம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுகிறேன்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கஷ்டம். திங்கட்கிழமை என்றால் ஊரெங்கும் சிவப்பு ராஜ்மாவும் சோறும். திங்கள் துணி துவைக்கும் நாள், ஞாயிறு விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள், அப்படி வந்த பழக்கம். பார்க்க நம் வீட்டு ராஜ்மா மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே தொத்திறைச்சி இருக்கும். கேட்டுவிட்டே வாங்குங்கள். என் மாமியார் வந்தபோது தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனோம். காங்கோ சதுக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டிராம்போன்காரர் மாவடு என்னவென்று கேட்டார், ஒன்று வாங்கிக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், இன்னொன்று கேட்டார்.